வெயில் 40 டிகிரி... லாரி சொல்வதோ 'குளிர்' கோளாறு! கூலன்ட் வால்வு கோடு வந்தால் என்ன செய்யணும்?

சித்தப்பாவுக்குச் சொந்தமாக ஒரே ஒரு லாரி. ஓனரும் அவரே, டிரைவரும் அவரே. போன சித்திரையில் நாமக்கல்லில் முட்டை ஏற்றிக்கொண்டு பெங்களூரு கிளம்பினார். சேலம் தாண்டி தொப்பூர் ஏற்றத்தில் வண்டி மூச்சுப் பிடித்து ஏறும்போது, டேஷ்போர்டில் மஞ்சள் லைட் பளிச். ஓரங்கட்டி மெனுவைத் தட்டிப் பார்த்தால் ஒரு நம்பர். அதை போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். 'எஸ்.பி.என் 3363, எஃப்.எம்.ஐ 5'. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "கண்ணு, இது என்னன்னு கொஞ்சம் பாரு. முட்டை லோடு. நின்னா போச்சு."

தேடிப் பார்த்துவிட்டு எனக்குச் சிரிப்புதான் வந்தது. யூரியா டேங்க் குளிரில் உறைந்துபோகாமல் சூடு பண்ணும் ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறாம்! வெளியே வெயில் 40 டிகிரி. டிரைவர் சீட்டில் முட்டையை வைத்தால் ஆஃப்-பாயிலே ஆகியிருக்கும். இதில் எங்கேங்க உறையப்போகுது?

ஆனால், அடுத்த இரண்டு வாரத்தில் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு வொர்க்‌ஷாப்பில் "வால்வு போச்சுங்க" என்று சொல்லி, புது வால்வு மாட்டினார்கள். லைட் அணைந்தது. ஒரு ட்ரிப்பில் கையில் நிற்கிற காசு மொத்தமும் காலி. மூன்றாவது நாள் அதே லைட், அதே நம்பர். காசும் போச்சு, கோளாறும் போகலை.

பழையபடி ஸ்பேனரும் காதும் வைத்தே வண்டி பார்த்த காலம் முடிந்துவிட்டது. லாரி தொழிலுக்குள் வருகிற தம்பிமார்கள், அப்பாவின் வண்டியைப் பார்த்துக்கொள்கிற காலேஜ் பசங்க, புதுசாக ஆட்டோ எலக்ட்ரிக்கல் கற்றுக்கொள்கிறவர்கள் எல்லாருமே இந்த மாதிரி கோடுகளோடுதான் குடும்பம் நடத்தியாக வேண்டும். அதனால் இந்த ஒரே ஒரு கோடை எடுத்துக்கொண்டு கொஞ்சம் நோண்டிப் பார்ப்போம்.

லாரிக்குள்ள எதுக்குங்க வாட்டர் ஹீட்டர்?

2020 ஏப்ரல் 1-ல் நாடு முழுக்க பி.எஸ்-6 வந்தது. பெரிய டீசல் இன்ஜின்கள் வெளியே விடலாம் என்று அனுமதித்த நைட்ரஜன் ஆக்ஸைடு அளவு, பி.எஸ்-4 காலத்தில் ஒரு கிலோவாட் மணிக்கு 3.5 கிராம். பி.எஸ்-6-ல் அது சுமார் 0.4 கிராம். கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு! இன்ஜினை மட்டும் செதுக்கி இதைச் சாதிப்பது பெரும்பாடு. அதனால் புகைக்கே மருந்து கொடுக்கிறார்கள். அந்த மருந்துதான் டி.இ.எஃப். கடையில் ஆட்புளூ என்பார்கள், டிரைவர்கள் 'யூரியா' என்பார்கள். 32.5 சதவிகிதம் யூரியா, மீதி சுத்தமான தண்ணீர். சைலன்சர் பக்கம் இதைப் பீய்ச்சினால், சூட்டில் அமோனியாவாக மாறி, நைட்ரஜன் ஆக்ஸைடை வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் உடைத்துவிடும்.

இந்த யூரியா தண்ணீருக்கு ஒரு பலவீனம். மைனஸ் 11 டிகிரியில் உறைந்துவிடும். தொப்பூரில் அந்தக் கவலை இல்லை. ஆனால், வண்டியைத் தயாரிக்கிறவர்களுக்கு அது நாமக்கல்லில் மட்டும்தான் ஓடும் என்று தெரியாதே! நாமக்கல் பதிவெண் வண்டியை நீங்கள் இந்தியாவில் எந்த மூலையில் வேண்டுமானாலும் பார்க்கலாம். லே பக்கம் ஜனவரி ராத்திரியில் மைனஸ் 11 எல்லாம் சர்வசாதாரணம்.

அதனால் பல வண்டிகளில் ஓர் எளிய ஏற்பாடு செய்திருக்கிறார்கள். இன்ஜினில் சூடான கூலன்ட் எப்படியும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் ஒரு கிளையைப் பிரித்து, யூரியா டேங்குக்குள் இருக்கிற குழாய் வழியாக ஒரு ரவுண்டு விட்டு, திரும்ப இன்ஜினுக்கே அனுப்பிவிட வேண்டியது. உறைந்த யூரியா உருகிவிடும். ஆனால் எப்போதும் சூடு போனாலும் வம்பு. யூரியா சூட்டில் கெட்டுப்போகிற சரக்கு. நம்ம ஊர் வெயிலில் 80, 90 டிகிரி கூலன்டையும் சேர்த்து டேங்குக்குள் விட்டால் அவ்ளோதான். எனவே, வழியில் ஒரு கதவு வேண்டும். குளிர்ந்தால் திறக்கணும், மற்ற நேரம் மூடியிருக்கணும். அந்தக் கதவுதான் கூலன்ட் வால்வு.

உள்ளே பெரிய ரகசியம் எதுவும் இல்லை. ஒரு செம்புக் கம்பிச் சுருள், நடுவில் ஓர் இரும்புத் துண்டு, ஒரு ஸ்பிரிங். கரன்ட் வந்தால் சுருள் காந்தமாகி இரும்பை இழுக்கும், வழி திறக்கும். கரன்ட் நின்றால் ஸ்பிரிங் மூடிவிடும். வீட்டில் வாஷிங் மெஷினுக்குள் தண்ணீரைத் திறந்து மூடுகிறதே, அதேதான். அதற்கு இரண்டே இரண்டு வயர். ஒரு கப்ளர்.

சரி, நம்ம ஊரில் இந்த வால்வு திறக்கவே போவதில்லை. அப்புறம் ஏன் லைட் எரியுது? இங்கேதான் மேட்டர். இ.சி.யூ என்கிற மூளைப்பெட்டி, வால்வு திறந்ததா என்று பார்க்கவில்லை. 'நாளைக்கே குளிரடித்தால் திறக்க முடியுமா' என்று, அந்த இரண்டு வயரும் சுருளும் முழுசாக இருக்கிறதா என்று மட்டும் சோதித்துக்கொண்டே இருக்கிறது. தீபாவளிக்குத்தான் வெடிக்கப்போறோம் என்றாலும், ஆடியிலேயே பட்டாசு நமுத்திருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி.

அதாவது, எலக்ட்ரிக்கல் கோடு என்பது 'வால்வு கெட்டுப்போச்சு' என்கிற தீர்ப்பு இல்லை. 'அந்தப் பாதையில் எங்கேயோ கரன்ட் சரியாகப் போகலை' என்கிற புகார். பாதையில் வால்வும் ஒன்று, அவ்வளவுதான். சித்தப்பாவின் காசு போனது இந்த ஒரு வித்தியாசத்தில்தான்.

முதல் நம்பர் தெருப் பெயர். ரெண்டாவதுதான் கதவு எண்

ஜே1939 என்பது கனரக வண்டிகளின் மின்னணுப் பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பொது மொழி. அதில் எஸ்.பி.என் என்றால், எந்த இடம். 3363 என்றால் யூரியா டேங்க் ஹீட்டர். கூலன்டால் சூடு பண்ணுகிற வண்டிகளில் இந்த வால்வுதான் அந்த 'ஹீட்டர்'. எஃப்.எம்.ஐ என்றால், அங்கே என்ன மாதிரி கோளாறு. பாதிப் பேர் முதல் நம்பரைப் பார்த்ததுமே பார்ட் ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். வைத்தியம் இருப்பது இரண்டாவது நம்பரில்.

3 வந்தால், வோல்டேஜ் இருக்க வேண்டியதைவிட அதிகம். வேறொரு பாசிட்டிவ் வயர் எங்கேயோ உரசுகிறது. 4 வந்தால் வோல்டேஜ் குறைவு. வயர் தோல் உரிந்து சேஸிஸில் படுகிறது, எர்த் ஆகிறது. 5 என்றால் கரன்ட் குறைவு அல்லது போகவே இல்லை. வயர் அறுந்திருக்கலாம், கப்ளர் சரியாக உட்காராமல் இருக்கலாம், சுருள் உள்ளே அறுந்திருக்கலாம். 6 என்றால் கரன்ட் அதிகம். சுருளோ வயரோ ஷார்ட். (சில வண்டிகளில் வயர் அறுந்தாலும் 3 என்றே காட்டும். அது அந்த இ.சி.யூ-வின் உள்ளமைப்பைப் பொறுத்தது. உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.) 7 வந்தால் கதையே வேறு. அது மெக்கானிக்கல், அதாவது வயர் சரி, ஆனால் சாமான் சொன்னபடி அசையவில்லை.

சின்ன டிரக், பிக்கப் வகைகளில் ஸ்கேனர் வேறு மாதிரி பேசும். பி20பி1 என்று காட்டினால் இந்த வால்வின் சர்க்யூட் ஓப்பன், பி20பி3 என்றால் வோல்டேஜ் குறைவு, பி20பி4 என்றால் அதிகம். தமிழில் எழுதும்போது ரெண்டும் ஒரே மாதிரி தெரியுது இல்லையா? முதலில் வருவது பவருக்கு வர்ற 'பி', நடுவில் வருவது பஸ்ஸுக்கு வர்ற 'பி'. கூகுளில் தேடும்போது மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

இன்னொரு விஷயம். கோடைப் பார்த்த உடனே ஸ்கேனரில் அழித்துவிடாதீர்கள், ப்ளீஸ்! அது ஆக்டிவ்வா, பழசா, எத்தனை தடவை வந்துபோயிருக்கிறது என்று முதலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே தடவை வந்து நிலையாக நிற்கிற கோடும், 47 தடவை வந்து வந்து போகிற கோடும் வேறு வேறு நோய். வந்துபோவது பெரும்பாலும் ஆட்டத்தில் விட்டுவிட்டுத் தொடும் வயர் அல்லது பின். சித்தப்பா வண்டியில் அந்த எண்ணிக்கையை யாருமே பார்க்கவில்லை. வொர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் மாட்டியதும் செய்த முதல் வேலையே அதை அழித்ததுதான்.

கையை வைக்கும் முன் கண்ணை வை

இரண்டாவது தடவை லைட் வந்ததும் சித்தப்பா வொர்க்‌ஷாப் போகவில்லை. பரமத்தி ரோடு பக்கம் இருக்கிற ஒரு பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனார். நானும் கூடப் போயிருந்தேன். அறுபது வயசுக்காரர். லேப்டாப்பைத் திறப்பார் என்று பார்த்தால், டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். பத்து நிமிஷம் சத்தமே இல்லை. "வாட்டர் சர்வீஸுக்கு எப்போ விட்டீங்க தம்பி?" என்பது மட்டும்தான் கேட்ட முதல் கேள்வி.

அதில் காரணம் இருக்கிறது. ஹை பிரஷர் தண்ணீரை கப்ளர் மேலேயே அடித்தால், ரப்பர் சீலைத் தாண்டி உள்ளே போய்விடும். அப்புறம் பின்னில் பச்சை பூக்கும். கோயில் செம்புச் சொம்பில் பிடிக்குமே, அதே களிம்பு. களிம்பு கரன்டை விடாது.

ஆனால், அவர் அன்றைக்குத் தேடியது பச்சை இல்லை. வெள்ளை. யூரியா சிந்திக் காய்ந்தால் உப்புப் பூத்த சுவர் மாதிரி வெள்ளையாகப் படியும். டேங்க் மூடியில் ஊற்றும்போது வழிகிற யூரியா அப்படியே இறங்கி, கீழே இருக்கிற வயரில் படும். யூரியாவுக்குச் செம்பு என்றால் ஆகாது, அரித்துத் தின்றுவிடும். போதாததற்கு, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி, வயர் தோலுக்குள் இருக்கிற மெல்லிய செம்பு இழைகளுக்கு நடுவே அது ஊர்ந்துகொண்டே போகும். வெளியே தோல் பளபள என்று இருக்கும். உள்ளே பொடி.

இதோடு எலி கடித்திருக்கிறதா, வயர் கட்டு சேஸிஸ் முனையில் உரசுகிறதா, கேபிள் டை அறுந்து வயர் தொங்குகிறதா, முன்னாடி யாராவது வயரை முறுக்கி டேப் சுற்றி வைத்திருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். டேப் சுற்றிய இடத்தைப் பார்த்தாலே சந்தேகப்படுங்கள். அனுபவம்!

கப்ளரைக் கழற்றினாலே பாதி பதில்

காசு செலவே இல்லாத சோதனை இது. கோடு 4 அல்லது 6 வந்திருக்கிறது, அதாவது ஷார்ட் என்கிறது. இக்னிஷனை ஆஃப் பண்ணி, வால்வின் கப்ளரைக் கழற்றிவிட்டு, திரும்ப ஆன் பண்ணுங்கள். இப்போது கோடு 'ஓப்பன்' என்று மாறினால், ஷார்ட் வால்வுக்குள்தான் இருந்தது. வால்வைக் கழற்றியும் அதே ஷார்ட் கோடு நின்றால் வால்வு அப்பாவி, வயரைத் தேடுங்கள்.

கோடு 5 வந்திருந்தால் கழற்றிப் புண்ணியமில்லை. ஏற்கெனவே அறுந்ததை இன்னும் எங்கே அறுப்பது? அங்கே நேர்மாறாகச் செய்யணும். நன்றாக வேலை செய்கிற இன்னொரு வால்வைக் கப்ளரில் மட்டும் மாட்டிப் பாருங்கள். ஹோஸைத் தொடவே வேண்டாம், கூலன்ட் ஒரு சொட்டு சிந்த வேண்டாம். இ.சி.யூ-வுக்குத் தேவை அந்தச் சுருள்தான், தண்ணீர் ஓடுகிறதா என்பது அதற்குத் தெரியாது. மாட்டியதும் கோடு 'ஆக்டிவ்' நிலையிலிருந்து போனால், பழைய வால்வு மேல் சந்தேகம். போகவில்லை என்றால், புது வால்வை அப்படியே டப்பாவில் போட்டுக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஹோஸில் மாட்டிவிட்டால் எந்தக் கடைக்காரர் திரும்ப வாங்குவார்?

ஆனால், வந்து வந்து போகிற கோடில் இந்தச் சோதனையும் ஏமாற்றும். கப்ளரை அசைக்கும்போதே வயர் திரும்பத் தொட்டுக்கொள்ளும், புது வால்வு குணப்படுத்திவிட்ட மாதிரி தெரியும். சித்தப்பா வண்டியில் மூன்று நாள் லைட் அணைந்திருந்தது இப்படித்தான். அதனால் புது வால்வில் கோடு போனால், உடனே பழைய வால்வையே திரும்ப மாட்டிப் பாருங்கள். கோடு திரும்பி வந்தால்தான் வால்வு குற்றவாளி.

மீட்டர் பொய் சொல்லாது. ஆனா பாதி உண்மைதான் சொல்லும்

இனி மல்டிமீட்டர். வால்வைக் கப்ளரிலிருந்து பிரித்து, அதன் இரண்டு பின்னுக்கும் நடுவே ஓம் அளவு பாருங்கள். எவ்வளவு இருக்கணும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், மேனுவலில் இருக்கும். ஓப்பன் என்று காட்டினால் சுருள் அறுந்தது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் சுருள் ஷார்ட். ஒரு பின்னுக்கும் வால்வின் இரும்பு உடம்புக்கும் நடுவே அளந்தால், எதுவும் காட்டக் கூடாது.

வண்டி ஓடி வந்த சூட்டில் அளக்காதீர்கள். செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவிகிதம் ஏறும். 20 டிகிரியில் சரியாக இருந்த சுருள் 80 டிகிரியில் கால் பங்கு கூடுதலாகக் காட்டும். 'அளவு தப்பு' என்று நல்ல வால்வைத் தூக்கிப் போட்டுவிடுவோம்.

சித்தப்பா வண்டியில் புது வால்வு அளவு சரி. அடுத்து வயர். ஒரு முனையில் ஒரு குத்து, மறு முனையில் ஒரு குத்து. மீட்டர் 'பீப்' என்றது. "வயரும் நல்லாத்தான இருக்கு" என்றேன் நான், பெரிய மனுஷன் மாதிரி. எலக்ட்ரீஷியன் சிரித்தார். "பீப் போட்டா போதுமா? ஆளு வாசல்ல நிக்கிறான்னுதான் அது சொல்லுது. மூட்டை தூக்குவானான்னு சொல்லலையே."

மீட்டர் அளக்கும்போது வயர் வழியாகப் போவது கண்ணுக்குத் தெரியாத அளவு கரன்ட். இருபது இழையில் ஒரே ஓர் இழை மிச்சமிருந்தாலும் அதற்குப் போதும். பல மீட்டர்கள் சில பத்து ஓம் தடை இருந்தால்கூட 'பீப்' அடிக்கும். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு 24 வோல்ட் வண்டி, 24 ஓம் சுருள் என்றால் ஓட வேண்டியது 1 ஆம்பியர். அரித்துப்போன இடத்தில் இன்னொரு 24 ஓம் தடை சேர்ந்துவிட்டால் கரன்ட் பாதியாகிவிடும். வால்வுக்குக் கிடைப்பது 12 வோல்ட்தான். ஆனால், வால்வைக் கழற்றிவிட்டு மீட்டரை வைத்தால் முழுசாக 24 வோல்ட் காட்டும். ஏனென்றால் சுமை இல்லை. சுமை இல்லாதபோது எல்லா வயருமே பயில்வான்தான்.

அதனால் வயருக்குச் சுமை கொடுத்துத்தான் பார்க்கணும். அவர் செய்தது இதுதான். மெயின் சுவிட்ச் ஆஃப். வால்வு கப்ளரைப் பிரித்தார், இ.சி.யூ பக்கக் கப்ளரையும் பிரித்தார். இந்த இரண்டாவது முக்கியம் மக்களே. அதைப் பிரிக்காமல் வயரில் நேராக பேட்டரி கரன்ட் விட்டால் இ.சி.யூ போய்விடும். அப்புறம் வால்வு விலையெல்லாம் தூசு. வயரின் ஒரு முனைக்கு 5 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக பேட்டரி பாசிட்டிவ், மறு முனையில் இண்டிகேட்டருக்குப் போடுகிற 24 வோல்ட் 21 வாட் பல்ப், பல்பின் மறுகால் எர்த்தில். கிட்டத்தட்ட 0.9 ஆம்பியர் இழுக்கும். முதல் வயரில் பல்ப் பளிச்சென்று எரிந்தது. இரண்டாவது வயரில் மின்மினிப்பூச்சி மாதிரி மினுக்கியது. வயரைப் பிடித்து லேசாக ஆட்டினார். அணைந்தது. திரும்ப ஆட்டினார். மினுக்கியது.

கப்ளரிலிருந்து ஒரு சாண் தூரத்தில் தோலைக் கீறினார். உள்ளே செம்பு இல்லை. பச்சையும் வெள்ளையுமாக ஈரப்பொடி. நாலைந்து இழை மட்டும் முடி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. தொப்பூர் ஏற்றத்தில் வண்டி அதிரும்போது அந்த இழைகள் விட்டுப்போய், கரன்ட் நின்று, கோடு 5. வண்டி அமைதியானதும் திரும்பத் தொட்டுக்கொள்ளும்.

சரி பண்ணுவதிலும் சங்கதி இருக்கு

அறுத்து, முறுக்கி, டேப் சுற்றுவது வேலைக்கு ஆகாது. யூரியா ஏறிய வயரில் செம்பு மினுமினு என்று நல்ல நிறத்தில் வருகிறவரை வெட்டிக்கொண்டே போகணும். சித்தப்பா வண்டியில் முழங்கை நீளம் போனது. அதே தடிமன் புது வயர், கிரிம்ப் அடித்து, உள்ளே பசை இருக்கிற ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டுச் சூடு காட்டினால் தண்ணீரும் யூரியாவும் உள்ளே போகாது. கப்ளரில் பச்சை பிடித்த பின்னையும் மாற்றிவிடணும். சுரண்டி எடுத்தால் மேல் முலாம் போய், இன்னும் சீக்கிரம் அரிக்கும். வயரைத் திரும்பக் கட்டும்போது யூரியா வழிகிற பாதையை விட்டுத் தள்ளிக் கட்டினார். சின்ன வேலைதான், ஆனால் அதைச் செய்யாவிட்டால் அடுத்த வருஷம் அதே இடத்தில் அதே கதை.

ஒருவேளை நிஜமாகவே வால்வுதான் குற்றவாளி என்றால்? மாற்றுங்கள். ஆனால், இன்ஜின் ஆறட்டும். சூட்டில் கூலன்ட் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். ஹோஸை கிளாம்ப் போட்டு அடைத்துவிட்டுக் கழற்றினால் கூலன்ட் வீணாகாது. வால்வு மேல் அம்புக்குறி இருந்தால், கூலன்ட் ஓடுகிற திசைக்கு அதை ஒத்துப் போடுங்கள். முடித்ததும் கூலன்ட் அளவைச் சரிபார்த்து, உள்ளே மாட்டிய காற்றையும் வெளியேற்றிவிடுங்கள்.

'இதெல்லாம் எதுக்கு, யூரியா சிஸ்டத்தையே ஏமாத்துற டப்பா ஒண்ணு விக்குதாமே' என்று யாராவது காதில் ஓதுவார்கள். வேண்டாம். சட்டப்படி தப்பு என்பது ஒரு பக்கம். உங்கள் லாரிக்குப் பின்னால் பைக்கில் வருகிறவர் மூச்சுக்குள் போகப்போவது அந்தப் புகை. அதேபோல, 'நம்ம ஊர்லதான் குளிரே இல்லையே, லைட் எரிஞ்சா எரிஞ்சுட்டுப் போகுது' என்று விடுவதும் சரிவராது. புகை சம்பந்தப்பட்ட கோடுகளில் சிலவற்றை நீண்ட நாள் கண்டுகொள்ளாமல் விட்டால், இ.சி.யூ இன்ஜினின் இழுவையையே குறைத்துவிடும். தவிர, ஒரு லைட் எரிந்துகொண்டே இருந்தால், நாளைக்கு நிஜமான ஆபத்துக்கு லைட் வரும்போது எப்படித் தெரியும்?

கிளம்பும்போது எலக்ட்ரீஷியன் இன்னொன்றையும் சொன்னார். சாவியை அணைத்த கையோடு மெயின் சுவிட்சையும் அணைக்கிற பழக்கம் நம் டிரைவர்கள் பலருக்கும் உண்டு. பி.எஸ்-6 வண்டியில் சாவியை அணைத்த பிறகும் யூரியா பம்ப் கொஞ்ச நேரம் ஓடி, குழாயில் மிச்சமிருப்பதை டேங்குக்கே திருப்பி அனுப்பும். நடுவில் கரன்டைப் பிடுங்கினால் யூரியா குழாயிலேயே நின்று காய்ந்து உப்பாகி அடைக்கும். எத்தனை நிமிஷம் காத்திருக்கணும் என்பது மேனுவலில் இருக்கும். "ஒரு டீ குடிச்சுட்டு வந்து அணைங்க, போதும்" என்றார்.

கூலி எவ்வளவு என்று சித்தப்பா கேட்டார். புது வால்வுக்குக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அன்றிரவே மறுபடியும் முட்டை லோடு. தொப்பூர் ஏறி முடித்ததும் டேஷ்போர்டை போட்டோ எடுத்து அனுப்பினார். லைட் இல்லை.

கழற்றிப் போட்ட பழைய வால்வு இன்னும் டூல் பாக்ஸில்தான் கிடக்கிறது. போன வாரம் சும்மா எடுத்து மீட்டரில் வைத்துப் பார்த்தேன். அளவு, மேனுவலில் சொன்ன அதே அளவு.